பறக்கும் காமிராவும் பங்குத் திருவிழாவும்

பங்குத் திருவிழா என்றால் கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, வாணவேடிக்கை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அவற்றோடு மற்றொன்றும் சேர்ந்துவிட்டது. தேர் நிலையை விட்டுப் புறப்படும் வேளையில் தலைக்கு மேலே வண்டுக் கூட்டம் போன்ற ஓர் இரைச்சல் எழுகிறது. செபமாலை சொல்லிக்கொண்டு வரும் தாய்மார்கள் பாதிச் செபத்தில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். பீடச்சிறுவர்கள் தூபக்கலசத்தை ஆட்ட மறந்து நிற்கிறார்கள். இளைஞர்கள் ட்ரோன் என்று அழைக்கும் ஆளில்லாச் சிறு வானூர்தி அது. அதன் வயிற்றில் ஒரு காமிரா; கீழே நிற்பவர் கையில் ஒரு ரிமோட். கோபுரத்திற்கு மேலிருந்து ஊரையே படம் பிடித்து விடுகிறது.

மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1670ஆம் ஆண்டிலேயே இத்தாலிய இயேசு சபைக் குரு பிரான்செஸ்கோ லானா தெ தெர்சி, காற்று அகற்றப்பட்ட செப்புக் கோளங்களால் தூக்கப்படும் ஒரு வான்படகை ஏட்டில் வரைந்து காட்டினார். அத்தகைய ஊர்தி நகரங்களின்மேல் தீயைப் பொழியவும் பயன்படும்; ஆகவே அது நிறைவேற இறைவன் இசையமாட்டார் என்றும் அவரே எழுதிவைத்தார். 1709 ஆகஸ்டில் பர்த்தலோமேயு தெ குஸ்மாவோ என்னும் குரு, லிஸ்பன் அரசவையில் வெப்பக் காற்றால் எழும் சிறு கூண்டு ஒன்றைப் பறக்கவிட்டார். 1858இல் நாடார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுப் படக்கலைஞர் பாரிசுக்கு அருகில் பலூனில் ஏறி, வானிலிருந்து முதன்முதலாகப் படமெடுத்தார். (நம் தென்மாவட்ட வாசகர்கள் பெயரைக் கண்டு உறவு கொண்டாடிவிட வேண்டாம்!) அவருடைய முதல் முயற்சிகள் எல்லாம் வெறும் கருமையாகவே முடிந்தன. பலூனிலிருந்து கசிந்த வாயு, படத்தகட்டின் மருந்தைக் கெடுத்துவிட்டதாம். 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் லொரேத்தோ அன்னையை வானூர்தியாளர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். ரிமோட்டைக் கையிலெடுக்கும் நம் இளைஞர்களையும் அந்த அன்னையின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் நம் பங்கும் உண்டு என்பதால் மறைப்பதற்கில்லை.

புனித அந்தோனியார் திருவிழா இரவு. வெளியூரிலிருந்து ஒரு தம்பி ட்ரோன் கொண்டுவந்திருந்தார். தேர் நடுத்தெருவுக்குத் திரும்பியபோது அவர் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தோம். புனிதரின் திருமுகம் புள்ளியளவாகத் தெரிந்தது. “இன்னும் கொஞ்சம் இறக்குங்கள் தம்பி, அந்தோனியாரின் முகம் தெரியட்டும்” என்று சொன்னோம். குருவானவர் சொன்னால் அவர் மறுப்பாரா? இறக்கினார். தெருவின் குறுக்கே கட்டியிருந்த சீரியல் பல்புத் தோரணத்தின் வயரில் ஊர்தி சிக்கிச் சுழன்று, செபமாலை வரிசையின் நடுவே விழுந்தது. உடைந்த இறக்கை ஒரு சகோதரியின் மணிக்கட்டைக் கிழித்தது. அவர் இடுப்பில் பத்து மாதக் குழந்தை. காயம்பட்ட கைக்கும் அக்குழந்தையின் முகத்துக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்குமா என்பது ஐயமே.

நான்கு தையல் போட்டார்கள். மருத்துவமனை வாசலில் அந்தச் சகோதரி நம்மிடம், “சாமி, திருநா அன்னைக்கு அந்தப் பையன யாரும் அடிச்சிராம பாத்துக்கோங்க” என்றார். இறக்கச் சொன்னவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அங்கேயே சொல்ல நமக்கும் நா எழவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டுக்குச் சென்று சொன்னோம்.

பிறகு அந்தப் படத்தையாவது பார்ப்போமென்று பார்த்தால், கோவில் முகப்பு சுண்ணாம்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. புனிதரின் முகமோ விளக்கொளியில் கரைந்து செம்மஞ்சள் திட்டாய் இருந்தது. எந்த முகத்துக்காக அந்த ஊர்தியை இறக்கச் சொன்னோமோ அந்த முகம் படத்தில் விழவே இல்லை. ஒரே இரவில் இரண்டு அறியாமை: பறக்கவிடத் தெரியவில்லை; ஒளியை அளக்கவும் தெரியவில்லை. அடுத்த வாரமே பங்கு இளைஞர் இயக்கத்தார் நால்வரை அழைத்து, அவர்களோடு நாமும் மாணவராய் அமர்ந்தோம். ஆனி கழிந்து ஆடி பிறந்துவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்னும்போது கால் கிலோ ஊர்தி எம்மாத்திரம்? ஆகவே ஆவணி வரை ஏட்டுப் படிப்புத்தான்.

முதலில் எடையைப் பற்றி. “இத்துணூண்டு பொருள், விழுந்தால் என்ன?” என்று கேட்பவர் உண்டு. 250 கிராம் எடையுள்ள ஊர்தி 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறதென்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். தடையைச் சேர்த்தால் சற்றுக் குறையும். ஆனால் தலையில் வாங்கிக்கொள்ளத் தக்கதாகக் குறைந்துவிடாது. 2015 டிசம்பரில் இத்தாலியின் மதோன்னா தி காம்பில்லியோவில் பனிச்சறுக்குப் போட்டி நடந்தபோது, படமெடுத்துக்கொண்டிருந்த பெரிய ட்ரோன் ஒன்று மார்செல் ஹிர்ஷர் என்ற வீரரின் முதுகுக்குப் பின்னால் விழுந்து நொறுங்கியது. உலகமே தொலைக்காட்சியில் கண்டது. அதை ஓட்டியவர்கள் தொழில் தெரிந்தவர்கள்! ஆகவே முதல் விதி: மக்கள் கூட்டத்தின் தலைக்கு நேர்மேலே எக்காரணம் கொண்டும் போகலாகாது. பக்கவாட்டில், ஆளில்லா நிலத்தின்மேல் நின்றுகொண்டு சாய்வாகப் படமெடுக்கலாம். உள்ளபடியே, நேர்மேலிருந்து எடுத்தால் எல்லாரும் வெறும் தலைகளாகத்தான் தெரிவார்கள். சாய்வாக எடுத்தால்தான் முகமும் தேரும் கோபுரமும் ஒன்றாக அமையும்.

புதிதாகப் பழகுவோர் இரு குச்சிகளின் வேலையை முதலில் அறிய வேண்டும். பெரும்பாலான ரிமோட்டுகளில் இடக்குச்சி ஊர்தியை ஏற்றும், இறக்கும், நின்ற இடத்திலேயே திருப்பும். வலக்குச்சி முன், பின், இடம், வலம் என நகர்த்தும். இதில் தொல்லை என்னவென்றால், ஊர்தியின் முகம் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். கண்ணாடியைப் பார்த்து முகச்சவரம் செய்யப் பழகும் வாலிபனின் நிலைதான். நம் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, தலைக்குச் சற்று மேலான உயரத்தில் சதுரம் சதுரமாக ஓட்டிப் பழகினார்கள். பத்து நாள் காமிராவைத் தொடவே விடவில்லை. முணுமுணுத்தார்கள், ஆயினும் பயன் இருந்தது.

புறப்படும் இடம் திறந்த மண் தரையாக இருப்பது நல்லது. கோவில் மொட்டைமாடியின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும், கார் பானெட்டின் இரும்பும் ஊர்தியின் திசைகாட்டியை ஏமாற்றிவிடும். மேலே எழும்பும் முன், வானிலுள்ள ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் துணையால், புறப்பட்ட இடத்தை அது குறித்துக்கொண்டதா என்று திரையில் காண வேண்டும். ஏனெனில் தொடர்பு அறுந்தால் ஊர்தி தானே வீடு திரும்பும். திரும்பும் உயரத்தை நாம்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நம் கோவில் கோபுரம் சிலுவையோடு சேர்த்து 27 மீட்டர். திரும்பும் உயரம் 20 மீட்டர் என்றிருந்தால், ஊர்தி வீடு திரும்பும் வழியில் மணிக்கூண்டுக்குள்ளேயே புகுந்துவிடும். நாம் 45 என்று வைத்தோம். ஊரில் செல்போன் கோபுரம் இருந்தால் அதையும் கணக்கில் கொள்க.

“இதில் தடையுணரும் கண்கள் உண்டு, தானே நின்றுகொள்ளும்” என்று விற்பவர் சொல்லுவார். பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. பெரும்பாலான ஊர்திகளின் கண்கள் சாதாரணக் காமிராக் கண்களே. மெல்லிய வயரை அவை காணா. இருளிலோ எதையுமே காணா. நம் தெருக்களில் மின்கம்பி, கேபிள் கம்பி, கொடித் தோரணம், சீரியல் பல்பு எத்தனை! இருட்டுவதற்கு முன் ஒருமுறை தெருவில் நடந்து, எங்கெங்கே வயர் குறுக்கே போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வதே நம்பத்தக்க வழி.

பேட்டரியைப் பற்றி அரை வார்த்தை. உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும். நெடுநாள் வைத்திருக்கும்போது பாதியளவு சார்ஜில் வைக்க வேண்டும். பறக்கும்போது 30 விழுக்காடு காட்டினால், எவ்வளவு நல்ல காட்சியானாலும் திரும்பிவிட வேண்டும். காற்றை எதிர்த்துப் போய்க் காற்றோடு திரும்புவது அறிவுடைமை. கடலோரப் பங்குகளில் பிற்பகல் கடற்காற்று எழும்பிய பின் காற்றோடு போனவர், திரும்பும்போது பேட்டரி தீர்ந்து பனங்காட்டில் தேடிய கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். இறங்கும்போது செங்குத்தாக விரைந்து இறக்கினால், தன் இறக்கை தள்ளிய காற்றுச் சுழிக்குள்ளேயே ஊர்தி சிக்கித் தள்ளாடும். மெதுவாகவோ சாய்வாகவோ இறக்க வேண்டும். பருந்தும் காக்கையும் தங்கள் எல்லைக்குள் வந்த அந்நியனை விரட்டும். அவை நெருங்கினால் விட்டுக்கொடுத்து இறங்கிவிடுவதே மரியாதை. வானம் முதலில் அவற்றுக்குத்தானே தரப்பட்டது!

இனி ஒளிக்கு வருவோம். குருமடத்தில் நாம் படித்த காலத்தில் ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். அந்தப் பிலிம் டப்பாவின் உட்புறத்தில் சூரியனும் மேகமும் வரைந்து ஒளியின் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். அன்று மனப்பாடமான அந்தக் கணக்கு இன்று ட்ரோனுக்கும் அப்படியே உதவுவது கண்டு நாமே வியந்தோம்.

எக்ஸ்போஷர் என்பது படத்தின்மேல் விழும் ஒளியின் அளவு. அதை ஆள்பவை மூன்று: லென்சின் துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு. பளிச்சென்ற வெயிலில் துளையை எஃப் 16 என்று வைத்தால், ஷட்டர் நேரம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ்ப் பின்னமாகும். அதாவது ஐ.எஸ்.ஓ. 100 எனில் நூற்றில் ஒரு நொடி. ஆனால் சிறிய ட்ரோன்கள் பலவற்றில் துளையை மாற்ற இயலாது. எஃப் 2.8 என்று வைத்துக்கொள்வோம். 16இலிருந்து 11, 8, 5.6, 4, 2.8 என ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் ஒளி இருமடங்கு. ஆகவே நேரத்தை ஐந்து முறை பாதியாக்க வேண்டும்: 3200இல் ஒரு நொடி.

நிழற்படத்துக்கு இது மிக நன்று. பறக்கும் கொடியும் உறைந்து நிற்கும். சலனப்படத்துக்கோ இது ஆகாது. ஒவ்வொரு சட்டமும் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருப்பதால், அசைவு துள்ளித் துள்ளித் தெரியும். நொடிக்கு 25 சட்டம் எடுத்தால் ஷட்டர் அதன் இருமடங்கான ஐம்பதில் ஒரு நொடி இருப்பது வழக்கம். 3200க்கும் 50க்கும் 64 மடங்கு வேறுபாடு. அந்த மிகை ஒளியைத் தடுக்க லென்சின்மேல் கறுப்புக் கண்ணாடி போடுவதுபோல் என்.டி. பில்ட்டர் மாட்ட வேண்டும். பளிச்சென்ற வெயிலுக்கு என்.டி. 64. வானம் முழுதும் மேகம் மூடினால் ஒளி மூன்று படி குறையும், அப்போது என்.டி. 8 போதும். நம் பிள்ளைகள் நால்வரில் கணக்கில் தேறாத ஒருவன்தான் இதை முதலில் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லித் தந்திருந்தால் தேறியிருப்பான்போலும்!

இந்த 25, 50 என்ற எண்களுக்கு நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அதனால் விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். நொடிக்கு 30 சட்டம், அறுபதில் ஒரு நொடி என்று வெளிநாட்டு முறையில் வைத்து எடுத்தால், கோபுரத்து விளக்குகள் எல்லாம் படத்தில் படபடவென்று துடிக்கும். திருவிழாப் படங்கள் பலவற்றில் இக்குறையை நீங்களே கண்டிருப்பீர்கள்.

அடுத்தது வெள்ளைக் கோவில். காமிராவின் ஒளிமானி, உலகமே நடுத்தரச் சாம்பல் நிறமென்று நம்பும் ஓர் எளிய ஆத்துமா. காட்சி முழுவதையும் வெள்ளை முகப்பு நிறைத்தால் அதைச் சாம்பலாக்கிவிடும். அப்போது ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். தார்ச்சாலையும் தோப்பும் நிறைந்த காட்சியின் நடுவே சிறிதாக வெள்ளைக் கோவில் நின்றால், சாலையை வெளிச்சமாக்கப் போய்க் கோவிலை வெளுத்துவிடும். அப்போது குறைக்க வேண்டும். திருவிழா இரவில் நமக்கு நேர்ந்தது இரண்டாவது. இருண்ட தெருவைக் கண்டு மயங்கிய காமிரா, விளக்கில் நின்ற கோவிலையும் புனிதரையும் பலிகொடுத்துவிட்டது. தானியங்கி முறையை நிறுத்தி, விளக்கொளி விழும் முகத்துக்கு அளவை வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். திரையில் வரிக்குதிரைக் கோடுகள் தோன்றும் வசதி ஒன்று உண்டு. எங்கே கோடு விழுகிறதோ அங்கே வெளுப்பு எல்லையை எட்டுகிறதென்று பொருள். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தைப் பின்னர் எந்தக் கணினியாலும் மீட்க இயலாது. சற்று இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம். இரவில் ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு மேல் ஏற்றினால், சிறு காமிராக்களில் மணல் தூவியதுபோல் படம் பொரியும். ஆகவே நாம் கண்ட சிறந்த வேளை, கதிரவன் மறைந்து கால்மணி கழித்து, வானம் நீலமாகவும் விளக்குகள் ஏற்றப்பட்டும் இருக்கும் பொழுது. எஃப் 2.8, ஐம்பதில் ஒரு நொடி, ஐ.எஸ்.ஓ. 400. விளக்கும் வானமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் நேரம் பத்து நிமிடந்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். 2021 ஆகஸ்டில் மைய அரசு ட்ரோன் விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ஓட்டவும், வணிக நோக்கமின்றி மைக்ரோ ஓட்டவும் ஓட்டுநர் சான்று வேண்டியதில்லை. கூலிக்குப் படமெடுப்பவர் மைக்ரோ ஓட்டினால் சான்று வேண்டும். இதைப் பங்குப் பேரவையினர் கேட்டுப் பார்த்தே அமர்த்த வேண்டும். வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடமும் வெளியிட்டிருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான். அதைவிட நெருங்கினால் முன்அனுமதி வேண்டும். விதி மீறினால் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. வரைபடம் மாறக்கூடியது, பறக்கும் நாளன்று பார்த்துக்கொள்க. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காட்டுத்தீ பரவியபோது, வேடிக்கை பார்க்க ஒருவர் பறக்கவிட்ட சிறு ட்ரோன் தீயணைப்பு விமானம் ஒன்றின் இறக்கையில் மோதித் துளையிட்டது. வீடுகள் எரிந்துகொண்டிருக்க, அந்த விமானம் பழுதுபார்ப்பதற்காகத் தரையில் நின்றது.

சட்டத்தில் சொல்லியும் சொல்லாமலும் மற்றொன்று உண்டு. நம் பிள்ளைகள் பயிற்சி செய்த நாட்களில் மூதாட்டி ஒருவர் பங்குமனைக்கு வந்து, “சாமி, கொல்லையில கீத்து மறைப்புதான் இருக்கு, மேல கூரை கெடையாது. நாங்க எங்க போயிக் குளிக்க?” என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து வீடுகளின் மேல் பறப்பதில்லை என்றும், காலை மாலைக் குளியல் வேளைகளில் மைதானத்திலும் எழுப்புவதில்லை என்றும் விதி செய்துகொண்டோம். திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு திருப்பலி அறிக்கையில், எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கம் ட்ரோன் பறக்கும் என்று வாசித்தும்விட்டோம். காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்தோம்.

மறு ஆண்டுத் திருவிழா வந்தது. பள்ளி மைதானத்தின் கிழக்கு மூலையில் கயிறு கட்டி ஓரிடம் ஒதுக்கினோம். ஒருவன் ஓட்டினான். மற்றொருவன் திரையைப் பாராமல் வானத்தை மட்டும் பார்த்து நின்றான். மூன்றாமவன் கயிற்றுக்குள் யாரும் வராமல் காத்தான். தேர் கோவில் முற்றத்தை விட்டு நகரும்போது ஊர்தி மைதானத்தின் மேலேயே 35 மீட்டரில் நின்று சாய்வாகப் பார்த்தது. தேர் தெருவுக்குள் நுழைந்ததும், வாணவேடிக்கை தொடங்குமுன், இறக்கிவிட்டார்கள். “சாமி, இன்னும் பேட்டரி இருக்கு, தெருவையும் ஒரு சுத்து?” என்று ஒருவன் கேட்டான். நாம் தலையசைத்து மறுத்தோம்.

அன்று எடுத்தது மொத்தம் ஒன்பது நிமிடம். அதிலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பங்குமனை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். வானம் கருநீலம், கோபுரம் வெண்மை, அந்தோனியாரின் முகமும் கையிலிருக்கும் குழந்தை இயேசுவும் தெளிவு. செபமாலை வரிசையில், மூன்றாவதாக, மணிக்கட்டில் தழும்புள்ள அந்தச் சகோதரி நிற்கிறார். நடக்கப் பழகிவிட்ட அவர் மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பாராமல், தேரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.